காலை எட்டுக்கு பார்ஃபே, பத்தரைக்குப் பசி: எங்கே கோளாறு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: இரண்டு மாதமாகக் காலை உணவுக்கு யோகர்ட் பார்ஃபே சாப்பிடுகிறீர்கள். கடையில் வாங்கிய பழ யோகர்ட், மேலே கிரனோலா (ஓட்ஸை எண்ணெயும் இனிப்பும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்த கலவை), கொஞ்சம் தேன், நான்கைந்து துண்டு பழம். பத்தரை மணிக்கே பசித்து, ஆபீஸ் கேன்டீனில் வடை வாங்கிவிடுகிறீர்கள். “ஆரோக்கியமாகவும் வயிறு நிறையும்படியும் இதைச் செய்வது எப்படி, கிரீக் யோகர்ட் வாங்கித்தான் ஆக வேண்டுமா, அது கட்டுப்படியாகாதே” என்பது நீங்கள் எழுதியது. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இவ்வளவு நல்ல பொருள்களைச் சாப்பிட்டும் ஏன் பசிக்கிறது என்பதுதான் அது. அதற்குப் பதில் கிடைத்தால் செய்முறை தானாக வந்துவிடும்.

நான் பதினேழு வருடமாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன், முக்கால்வாசி நாள் மருத்துவமனையில்தான். உங்கள் கதையை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். போன வருடம் ஒரு பெண், உங்களைப் போலவே கணினி வேலை, இதே புகாரோடு வந்தார். “ஒரு கைப்பிடி கிரனோலாதான் மேடம் போடுகிறேன்” என்றார். அடுத்த தடவை வரும்போது வீட்டுக் கிண்ணத்தையும் கிரனோலா பாக்கெட்டையும் எடுத்து வரச் சொன்னேன். மேசைத் தராசில் கிண்ணத்தை வைத்து, தினமும் போடுகிற மாதிரி போடச் சொன்னேன். யோகர்ட் 90 கிராம் வந்தது, கிரனோலா 85 கிராம். கைப்பிடி என்று அவர் நினைத்தது, பாக்கெட்டைச் சாய்த்து அவர் கொட்டியதில் பாதிகூட இல்லை. வழக்கமான கிரனோலா 100 கிராமில் 450 கலோரிக்குக் குறையாது. ஆக, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது யோகர்ட் தொட்டுக்கொண்ட கிரனோலா. தேனையும் சேர்த்தால் 500 கலோரியைத் தாண்டியது, புரதமோ 11 கிராம் அளவில் நின்றது. உங்கள் கிண்ணமும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

பார்ஃபே பிறந்த கதையே கொஞ்சம் இதைச் சொல்லிவிடும். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ‘பூரணமானது’ என்று பொருள். அங்கே அது முட்டை மஞ்சள் கரு, சர்க்கரைப் பாகு, கிரீம் சேர்த்து உறைய வைத்த இனிப்பு. அமெரிக்காவில் அது உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸ்கிரீமும் பழமும் அடுக்கடுக்காகப் போடுகிற பண்டமானது. ஐஸ்கிரீம் இருந்த இடத்துக்கு யோகர்ட் வந்ததும் காலை உணவு என்று பெயர் வாங்கிவிட்டது. அளவுகள் மட்டும் இனிப்புக்கு உரிய அளவுகளாகவே தங்கிவிட்டன.

இப்போது பசி. 1995ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று அளந்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 மதிப்பெண் என்று வைத்தால், வேக வைத்த உருளைக்கிழங்கு 323 வாங்கியது. ஓட்ஸ் கஞ்சி 209, ஆரஞ்சு 202, ஆப்பிள் 197. கிரனோலாவுக்கு உறவுக்கார உணவான மியூஸ்லி 100, யோகர்ட் 88! இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு உணவையும் சாப்பிட்டது பத்துப் பதிமூன்று பேர்தான், அளந்ததும் இரண்டு மணி நேரம்தான். கெட்டியான கிரீக் யோகர்ட்டுக்கு அந்த 88 பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அது காட்டுகிற திசை என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. அதே ஓட்ஸ், தண்ணீரில் ஊறியோ வெந்தோ குழைந்தால் வயிறு நிறைகிறது, எண்ணெயும் சர்க்கரையும் போட்டு மொறுமொறுவென்று வறுத்தால் நிறைவதில்லை. 240 கலோரிக்கு ஆப்பிள் கிட்டத்தட்ட அரைக் கிலோ சாப்பிட வேண்டும், கிரனோலா 50 கிராமில் முடிந்துவிடும். வயிறு எடையையும் பருமனையும் பார்க்கிறது, கலோரிக் கணக்கு அதற்குத் தெரியாது.

அதனால் என் திருத்தம் ஒன்றே ஒன்று: மொறுமொறுப்பைத் தாளிப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், குழம்பு மாதிரி வேண்டாம். கெட்டித் தயிர் 200 கிராம், ஊறிய ஓட்ஸ் 30 கிராம் (ஊறுவதற்கு முன் எடை), ஒரு முழுப் பழம். மேலே வறுத்த வேர்க்கடலையோ விதையோ 15 கிராம், அவ்வளவுதான்.

தயிருக்கு வருவோம், காசு போகிற இடம் அதுதான். சாதாரண வீட்டுத் தயிரில் 100 கிராமுக்கு 3 முதல் 3.5 கிராம் புரதம். நல்ல கிரீக் யோகர்ட்டில் 8 முதல் 10 கிராம். பழச்சுவை சேர்த்ததில் இது குறையும், சர்க்கரை ஏறும். இந்த வித்தியாசத்தில் மந்திரம் எதுவும் இல்லை, தண்ணீரை வடித்திருக்கிறார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம். அரை லிட்டர் டோண்டு பாலை நன்றாகக் காய்ச்சுங்கள். பொங்கியதும் அடுப்பை அணைக்காமல், சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே விடுங்கள். பாலில் இருக்கும் வே புரதம் (சாதாரணமாக வடிநீரோடு போய்விடுவது) சூட்டில் பிரிந்து, பாலின் முக்கியப் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நன்றாகக் காய்ந்த பாலின் தயிர் கெட்டியாக இருக்கிறது, வடிக்கும்போதும் புரதம் அதிகம் தண்ணீரோடு போவதில்லை. விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் ஒரு ஸ்பூன் உறை ஊற்றி ஆடாமல் அசையாமல் வைத்துவிடுங்கள்.

உறைந்ததும், பழைய மல் வேட்டித் துண்டு இருந்தால் துவைத்து, வெந்நீரில் போட்டு எடுத்து, வடிகட்டியின் மேல் விரித்து, கீழே பாத்திரம் வைத்து, தயிரைக் கொட்டி மூடி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு வடிவதற்குள் புளித்துவிடும். நான்கு மணி நேரத்தில் பாதி வடிந்திருக்கும். மிச்சம் கிட்டத்தட்ட 250 கிராம் கெட்டித் தயிர், புரதம் 100 கிராமுக்கு ஐந்தரை முதல் ஆறு. கடைக் கிரீக் யோகர்ட் அளவுக்கு எட்டாது, ஆனால் சாதாரணத் தயிரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலை அரை லிட்டர் பால் விலைதான்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு, பலர் சொல்வதில்லை. தயிரின் புளிப்பில் கால்சியம் கரைந்து நிற்கிறது, வடிகிற தண்ணீரோடு அதில் கணிசமான பங்கு போய்விடும். புரதம் இரண்டு மடங்கானால் கால்சியமும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடக் கூடாது. இதனால் எனக்குப் பிடித்த வழி வேறு. காய்ச்சுவதற்கு முன் அரை லிட்டர் பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 25 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டி, கட்டி இல்லாமல் கரைத்துவிடுவேன். பால் பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அந்தத் தயிரை வடிக்கவே வேண்டாம், கத்தியால் வெட்டலாம் போல உறையும். 100 கிராமுக்கு 5 கிராம் அளவில் புரதம் வரும், கால்சியம் எங்கும் போகாது. லேசான இனிப்பும் இருப்பதால் தேன் பக்கம் கை போவதும் குறையும். பவுடர் வாங்கும்போது டீக்குப் போடுகிற டெய்ரி ஒயிட்னரை எடுத்துவிடாதீர்கள், அதில் பல வகைகளில் சர்க்கரை சேர்ந்திருக்கும்.

ஓட்ஸில் ரோல்டு ஓட்ஸ் போதும், பெரிய இதழாக இருக்கிறதே அது. ஆலையிலேயே ஆவியில் வேக வைத்துத்தான் நசுக்குகிறார்கள், எனவே ராத்திரி ஊற வைத்துக் காலையில் அப்படியே சாப்பிடலாம். மசாலா ஓட்ஸ் பாக்கெட் வேண்டாம், நசுக்காமல் துண்டு துண்டாக வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ் என்றால் வேக வைக்க வேண்டியிருக்கும். ஓட்ஸைக் கிண்ணத்தின் அடியில் போட்டு, அதன் மேல் பாதித் தயிர், ஒரு கை பாலோ தண்ணீரோ விட்டுக் கலந்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பார்த்தால் தயிர் சாதம் ஆறின பதத்தில் இருக்கும். அந்தக் கொழகொழப்புக்குக் காரணம் பீட்டா குளூக்கன் என்னும் நார்ச்சத்து. வயிற்றிலிருந்து உணவு இறங்குவதை மெதுவாக்குவது அதுதான். தினம் 3 கிராம் பீட்டா குளூக்கன் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பதும் உறுதியான விஷயம். 1997லேயே அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஓட்ஸின் நார்ச்சத்து இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் அச்சிட அனுமதித்தது. ஆனால் உங்கள் 30 கிராம் ஓட்ஸில் ஒரு கிராமுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. ஓட்ஸ் பிடிக்காவிட்டால் சிவப்பு அவல் போடுங்கள். பத்து நிமிடத்தில் ஊறும், சுவையும் நமக்குப் பழகியது. நார்ச்சத்து குறைவு, பசி சற்று முன்னால் வரும். முந்தின நாள் மிஞ்சிய சாமைச் சோறும் நன்றாகவே இருக்கிறது. அதை பார்ஃபே என்று கூப்பிட உங்களுக்கு மனசு வருமா என்பது வேறு விஷயம்.

பழத்தில் நான் முதலில் சொல்வது கொய்யா. 100 கிராமில் 5 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்து, கடித்து மெல்ல வேண்டியிருப்பதால் சாப்பாடும் நின்று நிதானமாக நடக்கும். ஆப்பிள், பேரிக்காய், மாதுளை எல்லாம் சரி. ப்ளூபெர்ரி இல்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை, அந்த விலைக்கு ஒரு வாரக் கொய்யா வாங்கலாம். வாழைப்பழம் போட்டால் இனிப்புக்கு வேறெதுவும் வேண்டாம், பாதி மசித்துத் தயிரில் கலந்துவிடுங்கள். அன்னாசியும் கிவியும் மட்டும் ராத்திரியே போட்டுவிடாதீர்கள். இரண்டிலும் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. காலையில் தயிர் நீர்விட்டு, ஒரு மாதிரி கசப்பாகக் கிடக்கும். பால் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் கொட்டியிருக்கிறார்கள். சாப்பிடும்போது போட்டால் பிரச்சினை இல்லை. அல்லது அன்னாசித் துண்டுகளைச் சட்டியில் மூன்று நான்கு நிமிடம் நன்றாகச் சூடேறும்வரை வதக்கினால் நொதி செயலிழந்துவிடும். சிட்டிகை மிளகுத்தூளோடு வதக்கிப் பாருங்கள்.

மேலே தூவ வறுத்த வேர்க்கடலை போதும், பாதாம்தான் வேண்டும் என்றில்லை. 100 கிராமில் 25 கிராம் புரதம், பாதாமைவிடக் கொஞ்சம் அதிகம்தான். பொட்டுக்கடலையையும் இதில் போடலாம். ஒரு நிமிடம் வெறும் சட்டியில் புரட்டிவிட்டுத் தூவினால் மொறுமொறுப்பு பத்து நிமிடம் நிற்கும். ஆளி விதை என்றால் பொடித்துப் போடுங்கள், முழுசாகப் போனால் முழுசாகவே வெளியே வரும். எது போட்டாலும் சாப்பிட உட்கார்ந்த பிறகு போடுங்கள். கிரனோலாவை விடவே மனசில்லை என்றால் ஒரு மேசைக்கரண்டி, கரண்டியால் அளந்து.

இப்படிச் செய்த கிண்ணத்தைக் கூட்டிப் பார்த்தால் 450 கலோரி அளவு, புரதம் 20 கிராம், நார்ச்சத்து 10 கிராம். என் மேசையில் எடை போட்ட கிண்ணத்தைவிடக் கலோரி குறைவு, புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020ல் சொன்ன அளவு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு காலையிலேயே முடிந்துவிடுகிறது.

இனிப்பைப் பற்றி ஒன்று. தேனும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் நல்லவை, வெள்ளைச் சர்க்கரைதான் கெட்டது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் தேனையும் சேர்த்துத்தான் சர்க்கரைக் கணக்கு வைக்கிறது. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்கிறது. 5 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம், ஒரு மேசைக்கரண்டி தேனிலேயே 17 கிராம் போய்விடும். கடை யோகர்ட் வாங்கும்போது மொத்தச் சர்க்கரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாலில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரையான லாக்டோஸும் அதில் சேரும். ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அந்த எண்ணைப் பாருங்கள். பொருள்களின் பட்டியலில் எது எடை அதிகமோ அதுதான் முதலில் வரும். பழத்துக்கு முன்னால் சர்க்கரை வந்தால் அது எந்த வகையறா என்று உங்களுக்கே புரியும்.

உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் இங்கே பிரித்துவிடுகிறேன். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும் என்பது உறுதி. யோகர்ட்டின் உயிருள்ள பாக்டீரியாவே லாக்டோஸைச் செரிக்க உதவுகிறது, 2010ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இதை ஒப்புக்கொண்டது. தயிர் சர்க்கரை நோயைத் தடுக்கும் என்பது அவ்வளவு உறுதியில்லை. 2024 மார்ச்சில் எஃப்.டி.ஏ. ‘வாரத்துக்கு இரண்டு கப் யோகர்ட் அந்த ஆபத்தைக் குறைக்கலாம்’ என்று போட அனுமதித்தது உண்மைதான். கூடவே ‘குறைந்த அளவு ஆதாரத்தின்படி’ என்ற வாலையும் ஒட்டித்தான் அனுமதித்தது. விளம்பரத்தில் அந்த வால் மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். காலை உணவு சாப்பிட்டால் எடை குறையும் என்பதும் அப்படித்தான். 2019ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, எடை குறையக் காலை உணவு உதவுவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. பசித்தால் சாப்பிடுங்கள், எடைக்காக வலிந்து சாப்பிட வேண்டாம். தயிரும் பழமும் சேரக்கூடாது என்று உங்கள் அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஆயுர்வேதத்தில் அப்படி ஒரு கருத்து உண்டு. நான் படித்த உணவியலில் அதற்கு ஆதாரம் கிடையாது, பதினேழு வருடத்தில் அதனால் மட்டும் அவதிப்பட்டவரையும் பார்த்ததில்லை. உங்களுக்குச் சாப்பிட்டதும் வயிறு மந்தமானால் விட்டுவிடுங்கள், அம்மாவோடு வழக்காட வேண்டாம்.

இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், காலை உணவை மாற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்குத் தயிர், கடலை, வாழைப்பழம் மூன்றுமே அளந்து கொடுக்க வேண்டியவை, அவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுக்கக் கூடாது. வீட்டில் ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் உங்கள் கிண்ணத்திலிருந்து தேன் பட்ட ஸ்பூனை அதன் வாயில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலையும் வேண்டாம், புரையேறும்.

ஒரு வாரம் இப்படிச் செய்து, எத்தனை மணிக்குப் பசித்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். பன்னிரண்டரை வரை தாங்கினால் சரி. பதினொன்றுக்கே பசித்தால் ஓட்ஸை 40 கிராமாக ஏற்றுங்கள், தேனை ஏற்றாதீர்கள். நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் விழுங்குகிற ஆளாக இருந்தால் முதலில் நாற்காலியில் உட்காருங்கள். சில பேருக்கு அதுவே அரை மணி நேரம் கூட்டிக் கொடுக்கிறது. வடிகட்டுகிற வழியில் போனால் வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையுங்கள், தப்பிப்போன கால்சியம் ராத்திரித் தட்டில் திரும்பி வரும். ஆபீஸுக்கு எடுத்துப் போவதானால் கடலையைத் தனிப் பொட்டலமாக வையுங்கள். போனதும் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்து, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் மருத்துவமனை ஃப்ரிட்ஜில் என் டப்பா இரண்டு தடவை காணாமல் போய், இரண்டு தடவையும் கழுவித் துடைத்துத் திரும்பி வந்திருக்கிறது.